தலை துறைமுகத்தில், வால் அடையாற்றில்

என் மகனுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. பிறக்க வெகு காலம் ஆகும். எனக்கே இந்த மார்கழியில்தான் பதினாலு முடியப்போகிறது. ஆனாலும் இன்றைக்கு நடந்ததைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை. அம்மாவிடம் சொன்னால் அழுவாள். சனிக்கிழமை மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சுவாமியாரிடம் சொல்லலாம். சனிக்கிழமை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ராஜம் ஊரை விட்டே போய்விட்டாள். என்னைத் திட்ட முடியாதவன் இப்போதைக்கு நீ ஒருவன்தான். நீ வளர்ந்து, மீசை வைத்து, தூர ஊருக்கு வேலைக்குப் புறப்பட்டு நிற்பதாக நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அப்படிப் புறப்படுகிற பிள்ளைக்குப் பெற்றவர்கள் புத்தி சொல்லி எழுதுவது வழக்கம். என்னிடம் புத்தி அதிகம் இல்லை. இருக்கிறதை எழுதுகிறேன்.

விளக்கைச் சுற்றிப் பழுப்புக் காகிதம் கட்டியிருக்கிறேன். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டிருக்கிறேன். வெளியே ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் விசில் ஊதப்போகிறவர் என் அப்பாதான். உன் தாத்தா பகலில் கணக்கு வாத்தியார். இருட்டிவிட்டால் தகரத் தொப்பியும் கைப்பட்டையும் மாட்டிக்கொண்டு சாந்தோமில் எங்கள் தெருவுக்கு ஏ.ஆர்.பி. வார்டன். ஜப்பான்காரன் விமானம் வந்தால் எல்லோரையும் பதுங்குகுழியில் இறக்குவது, விளக்கை மறைக்கச் சொல்வது, வதந்தி பரவாமல் பார்த்துக்கொள்வது, இந்த மூன்றும் அவர் பொறுப்பு. மூன்றாவதை ஞாபகம் வைத்துக்கொள். நான் மாட்டிக்கொண்டது அதில்தான்.

ராஜம் யார் என்று சொல்ல வேண்டும். என் வகுப்புதான். மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் அவள் வீடு. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறோம். உன் காலத்தில் இது இருக்குமோ என்னவோ. நோட்டுத் தாள்களைத் தைத்து, கையாலேயே எழுதி, படம் வரைந்து, அட்டை போட்டு, இருக்கிற ஒரே பிரதியை வீடு வீடாகச் சுற்றுக்கு விடுவோம். படித்தவர்கள் கடைசிப் பக்கத்தில் அபிப்பிராயம் எழுதி அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார்கள். ‘எழுத்துப்பிழை அதிகம்’ என்று ஒருவர் எழுதுவார். ‘பத்திரிகையில் எண்ணெய்க் கறை படியச் செய்தது நாங்கள் அல்ல’ என்று அடுத்தவர் எழுதுவார். எங்கள் பத்திரிகை மயிலாப்பூரில் நன்றாக ஓடியது. ராயப்பேட்டையில் ராஜத்தின் பெரியம்மா வீடு வரைக்கும் போனது. எங்கள் தெருவில் மட்டும் அதைப் படிக்கிற வீடு ஒன்றே ஒன்றுதான், எதிர்வீடு. அப்பாவுக்கு நான் கதை எழுதுவது தெரியாது. யுத்த காலத்தில் கதைக்குச் செலவாகும் தாள் தண்டம் என்பது அவர் கட்சி.

அதில் நான் எழுதுகிற தொடர்கதை ஒரு கடல் நாகத்தைப் பற்றியது. முதல் அத்தியாயத்தில் அதற்குப் பல் இருந்தது, கொம்பு இருந்தது, வாயிலிருந்து நெருப்பு வந்தது. எங்கள் கோவிலில் இறக்கை விரித்த மிக்கேல் சம்மனசு ஒரு பறவைநாகத்தைக் காலால் மிதித்துக்கொண்டு நிற்பார். சின்ன வயதிலிருந்து பூசை நேரத்தில் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்துப் பார்த்து அதன் பல்லையும் கொம்பையும் அப்படியே எழுதிவிட்டேன். ராஜம் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் இருக்கிறது. பாற்கடலில் ஒரு பெரிய பாம்பு சுருண்டு கிடக்க, அதன்மேல் சாமி நிம்மதியாகப் படுத்திருக்கிறார். எங்கள் இடத்தில் அதை மிதிக்கிறார்கள், அவர்கள் இடத்தில் அதன்மேல் தூங்குகிறார்கள். எது சரி என்று ராஜத்திடம் கேட்டேன். “ரெண்டுத்துலயும் பாம்பு பெரிசாத்தான் இருக்கு, போடி” என்றாள்.

அந்தப் ‘பெரிசு’ என் மனதில் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் அத்தியாயத்தில் அதன் நீளத்தைக் கூட்டினேன். தலை துறைமுகத்தைத் தாண்டும்போது வால் இன்னும் அடையாறு முகத்துவாரத்தில் புரளும் என்று எழுதினேன். ராஜம் அதைப் படித்துவிட்டுப் பென்சிலைக் கீழே போட்டாள்.

“ஏன்டி, உன் பாட்டுக்கு எழுதிட்டே, நான் இத எப்படி வரையறது? தலையை இந்தப் பக்கம் போட்டா வால் எங்காத்துக் கிணத்தடியிலன்னா போய் முடியும்!”

மறுநாள் படத்தைக் கொண்டுவந்தாள். அதில் பாம்பே இல்லை. தாள் முழுதும் கடல். நடுவில் தண்ணீர் ஒரு மலை மாதிரி மெல்ல மேலே எழும்பியிருந்தது. அந்த மலையின் உச்சியில் எறும்பு அளவுக்கு ஒரு கட்டுமரம், அதில் துடுப்பைக் கையில் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதன்.

“பாம்பு எங்கடி?” என்றேன்.

“கீழ இருக்கு. தெரியலையா?”

எனக்குப் பிடரி மயிர் குத்திட்டு நின்றது. அன்றைக்குப் பல்லை விட்டேன், கொம்பை விட்டேன், நெருப்பையும் விட்டேன். கடைசியில் நாகம் என்ற சொல்லையும் விட்டுவிட்டேன். வெறுமனே ‘அது’. மகனே, நீ எப்போதாவது கதை எழுதுவாய் என்றால் இதைக் கேட்டுக்கொள். முழுக்கக் காட்டினால் அது ஒரு பெரிய மீன், அவ்வளவுதான். காட்டாமல் விட்டால் கடல் முழுதும் அதுவாகிவிடும். எழுதுகிற நானே மாலையில் அலைச் சத்தம் கேட்டால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிடுவேன். நானே உண்டாக்கியதற்கு நானே பயந்தேன். அந்தப் பயம் எனக்குப் பிடித்தும் இருந்தது.

எதிர்வீட்டில் தன் அக்காள் குடும்பத்தோடு ஒருவர் இருக்கிறார். தெருவில் எல்லோரும் ரங்கூன்காரர் என்பார்கள். திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். ரங்கூனில் ஜவுளிக்கடை வைத்திருந்து, அங்கே குண்டு விழுந்தபோது கட்டிய வேட்டியோடு கப்பலேறி வந்தவர். இப்போது தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிறார். வயது முப்பது இருக்கும். எதற்கெடுத்தாலும் சிரிப்பார், சிரித்து முடித்ததும் வானத்தைப் பார்ப்பார். அவர் எங்கள் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘நான் பார்த்திருக்கிறேன்.’

குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“கப்பல்ல ஒரு வெளக்கு கெடையாது தாயி. பீடி பத்தவைக்கக் கூடாதுன்னுட்டான். மேல்தட்டுல ஒருத்தர் மேல ஒருத்தரா கெடக்கோம். பிள்ளைகள்லாம் ஒரே அழுகை. அப்பம் தண்ணிக்கு அடியில பச்சையா ஒரு வெளிச்சம். நீளமா. கப்பலுக்குக் கீழ நொழைஞ்சு இந்தப் பக்கமா வருது. வருது, வருது, வந்துக்கிட்டே இருக்கு. முடிய மாட்டேங்கு.”

“மீன் கூட்டமா?”

“மீனுன்னான் ஒருத்தன். பாசின்னான் இன்னொருத்தன். நா ஒண்ணும் சொல்லல. அழுத பிள்ளைகள்லாம் கப்புனு நிறுத்திட்டு. ஒரு சத்தம் கெடையாது.”

“பயமா இருந்ததா?”

“அதுக்கு முன்னாலதான் பயம். அது போன பொறவு இல்ல. அம்புட்டுப் பெருசு ஒண்ணு நம்மள ஒண்ணும் செய்யாம கீழ போவுதே, இந்த ஏரோப்ளேன் என்னத்தப் பெருசுன்னு தோணிட்டு.” பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டார். “கதையில அத கொன்னுராத, என்ன?”

வாசகர்கள் எல்லோரும் எப்போது கொல்வாய், எப்போது கொல்வாய் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். கொல்லாதே என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

இனி நான் செய்த காரியம். எங்கள் தெருவிலும் பத்திரிகை ஓட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு விளம்பரம் ஒட்டலாம் என்றேன். தாள் கிடைக்கவில்லை. யுத்தம் வந்ததிலிருந்து நோட்டு வாங்கவே கடை கடையாக அலைய வேண்டியிருக்கிறது. அப்பாவின் மேஜையில் வார்டன் சுற்றறிக்கைகள் கட்டாகக் கிடந்தன. ஒரு பக்கம் அச்சு, அதன்மேல் ஊதா முத்திரை, மறுபக்கம் வெள்ளை. ஒன்றே ஒன்று எடுத்தேன். வெள்ளைப் பக்கத்தில் ராஜம் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

அமாவாசை இரவு. கடலிலிருந்து வருகிறது. தலை துறைமுகத்தில், வால் அடையாற்றில். நடுவில் இருக்கிற நாம் என்ன ஆவோம்?

பத்திரிகையின் பெயரைக் கீழே எழுதப் போனேன். ராஜம் கையைப் பிடித்தாள். “இன்னிக்கு இவ்வளவு போறும்டி. பேரை நாளைக்கு ஒட்டிக்கலாம். ஒரு நாள் தவிக்கட்டுமே!” நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சோற்றுப் பசை தடவிக் குழாயடிச் சுவரில் ஒட்டினோம். யுத்த காலத்துத் தாள் ரொம்ப மெலிசு. பசை ஊறியதும் பின்பக்கத்து ஊதா முத்திரை முன்பக்கம் அப்படியே தெரிய ஆரம்பித்துவிட்டது. நாங்கள் அதைப் பார்க்கவில்லை.

தெருக்காரர்கள் பார்த்தார்கள். கோடிவீட்டில் பென்ஷன் வாங்குகிற சூப்பரிண்டெண்ட் தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். “சர்க்கார் முத்திரை இருக்கு. வெளிப்படையா சொல்ல முடியாம இப்படிச் சொல்றான்” என்றார். இன்று காலையில் தெரு முழுதும் ஜட்கா, மாட்டுவண்டி. பெட்டி, அண்டா, ஆட்டுக்குட்டி, எல்லாம் எழும்பூர் ஸ்டேஷனுக்கு. செய்தி மயிலாப்பூருக்கும் போய்விட்டது. ராஜம் வீட்டார் கும்பகோணம் புறப்பட்டார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் வண்டியில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அப்பாகிட்டச் சொல்ல வாய் வரலைடி. நான் எழுதின எழுத்துக்குப் பயந்துண்டு நானே ஓடறேன் பாரு.” வண்டி நகர்ந்தது. என் கையில் அவளுடைய பென்சிலைத் திணித்தாள்.

மகனே, வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்கிறேன். வண்டிகள் வரிசையாகப் போவதைப் பார்த்தபோது பயத்தோடு கூட எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாலு வரி. அந்த நாலு வரி ஒரு தெருவையே தூக்கி வண்டியில் வைத்துவிட்டதே! அது நிஜமாகவே கடலிலிருந்து வந்து தெருவுக்குள் ஊர்ந்து போவதுபோல் இருந்தது. தலை எழும்பூரில், வால் எங்கள் வாசலில்.

அந்தச் சிலிர்ப்பு சாயங்காலம் அடங்கியது. போலீஸ்காரர் ஒருவர் வந்தார். வதந்தி கிளப்பியது யார் என்று விசாரித்தார். சூப்பரிண்டெண்ட் தாத்தா எதிர்வீட்டைக் காட்டினார். நேற்று அந்தத் தாளுக்கு முன்னால் நின்று சிரித்தது ரங்கூன்காரர்தான். நிஜமாக வருமா என்று யாரோ கேட்டதற்கு, “வராம? கட்டாயம் வரும், நா பாத்திருக்கேன்லா” என்று சொன்னதும் அவர்தான். நான் ஜன்னலில் நின்றிருந்தேன். எழுதியது யார் என்று போலீஸ்காரர் அவரைக் கேட்டார். அவருக்குத் தெரியும். தெருவில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தார். “தெரியாதுங்க” என்றார். எப்போதும்போல் சிரித்தார். ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தெருவில் வதந்தி பரப்பியவர் அவர்தான் என்று வார்டன் நாளைக் காலையில் போய்க் கையெழுத்துப் போட வேண்டுமாம். வார்டன் உன் தாத்தா.

சொன்னால் அப்பாவின் மானம் போகும். தாள் அவருடையது, முத்திரை அவர் பொறுப்பில் இருந்தது, எழுதியது அவர் பெண். சொல்லாவிட்டால் அந்த மனிதர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததுதான் இன்னும் பயமாக இருக்கிறது. அப்பாவின் செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்கிறது. நீ தூங்கு. நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

மகனே, மேலே உள்ளதை எழுதிச் சில நாட்கள் ஆகிவிட்டன. மீதியைச் சொல்லாவிட்டால் உனக்குத் தூக்கம் வராது.

அப்பா அடிக்கவில்லை. தொப்பியைக் கழற்றாமல் நின்றபடியே கேட்டார். பிறகு பத்திரிகையைக் கொண்டுவரச் சொன்னார். காகிதம் கட்டிய விளக்குக்குக் கீழே பிடித்து முதல் அத்தியாயத்திலிருந்து படித்தார். ராஜத்தின் படம் வந்த பக்கத்தை வெகுநேரம் திருப்பவே இல்லை.

“பாம்பு எங்க?” என்றார்.

“கீழ இருக்குப்பா.”

அப்பா பத்திரிகையை மூடி வைத்துவிட்டு, “காலைல ரிப்பன் கட்டிட்டுத் தயாரா இரு. ரெண்டு பேரும் போறோம்” என்றார்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் அப்பாவை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நான் பத்திரிகையை நீட்டி, “எழுதினது நான். அவருக்கு ஒன்றும் தெரியாது” என்றேன். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது. அவர் புரட்டிப் பார்த்தார். “என்ன வாத்தியாரே, பாம்புக் கதையா? ஒரு பாம்புக் கதைக்கா பாதி மயிலாப்பூர் காலி?”

பின்னால் நின்ற போலீஸ்காரர் தொண்டையைச் செருமினார். “சார், எம் பொஞ்சாதி நேத்தே செங்கல்பட்டுக்குப் பூட்டா சார். இப்போ இன்னா பண்றது?”

யாரும் சிரிக்கவில்லை. அப்பா தகரத் தொப்பியையும் கைப்பட்டையையும் விசிலையும் ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தார். “தாள் எங்க வீட்டிலேருந்து போனது. பொறுப்பு என்னுது” என்றார். வகுப்பில் கணக்கைத் தப்பாகப் போட்டவன் தானே அழித்துக்கொள்கிற மாதிரி அமைதியாகச் சொன்னார். வெளியே வரும்போது அவர் தலையைப் பார்த்தேன். தொப்பி அழுத்திய தடம் நெற்றியில் சிவப்பாக இருந்தது.

ரங்கூன்காரரை வெளியே விட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. அடைத்த அறையில் அவரால் இருக்க முடியாதாம், கூரை இடிந்து விழும் என்று இரவு முழுதும் சுவரோரமாகவே நின்றிருக்கிறார். “நா சொல்லலியே தாயி, நீ ஏன் வந்த?” என்றார். அப்பாதான் அவர் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இன்று அமாவாசை. ஊரைவிட்டுப் போனவர்களில் பாதிப் பேர் இன்னும் திரும்பவில்லை. பொழுது சாய்ந்ததும் யாரோ புது வார்டன் விசில் ஊதினார். அப்பாவுக்கு இனிமேல் ரோந்து இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, “வா, பார்த்துட்டு வரலாம்” என்றார். எதை என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டு வாசலில் ரங்கூன்காரர் ஏற்கனவே நின்றிருந்தார். கடற்கரையில் முள்கம்பி போட்டிருக்கிறார்கள். கம்பி வரைக்கும் போய் நின்றோம்.

பட்டணத்தில் ஒரு விளக்கு இல்லை. துறைமுகப் பக்கமும் இருட்டு, அடையாற்றுப் பக்கமும் இருட்டு. பிறந்ததிலிருந்து இந்தக் கடலுக்கு நூறு கஜத்தில் இருக்கிறேன், இப்படி நான் அதைப் பார்த்ததே இல்லை. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு நட்சத்திரங்கள் எங்கே முடிகின்றன என்று தெரிந்தது. அதற்குக் கீழே முழுதும் அதுதான். மூச்சு விடுவது கேட்டது. அப்புறம், அலை எழும்புகிற இடத்துக்கு அந்தப் பக்கம், வடக்கிலிருந்து மெல்லப் பச்சையாக ஒரு கோடு வந்தது. சன்னமாக, நீளமாக, வளைந்து வளைந்து. எங்களைத் தாண்டித் தெற்கே போனது. போய்க்கொண்டே இருந்தது.

“பாசியா இருக்கும்” என்று அப்பா மெதுவாகச் சொன்னார். அவர் என் கையைப் பிடித்தார். எனக்குப் பயமாக இருக்கும் என்று பிடித்தார் என்று முதலில் நினைத்தேன். அவர் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கையால் நான் ரங்கூன்காரரின் சட்டை நுனியைப் பிடித்திருந்தேன். கோடு மறையும்வரை மூவரும் அப்படியே நின்றோம். திரும்பி நடக்கும்போது ரங்கூன்காரர் பழையபடி சிரித்தார், வானத்தைப் பார்க்காமல்.

கடைசி அத்தியாயத்தை நாளைக்கு எழுதப்போகிறேன். ராஜத்தின் பென்சில் இருக்கிறது. அதில் யாரும் அதைக் கொல்லப்போவதில்லை. அது கடந்து போகும், அவ்வளவுதான். வாசகர்கள் திட்டி எழுதட்டும்.

உனக்கும் ஒரு நாள் அப்படி ஒன்று எதிரே வரும். எங்கே, எந்த உருவத்தில் என்று எனக்குத் தெரியாது. வந்தால் அவசரப்பட்டு அதற்குப் பெயர் வைக்காதே, ஓடாதே. பக்கத்தில் நிற்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் அவர் கையைப் பிடித்துக்கொள். அவருக்கும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கும்.

உன் அம்மா